ஊமைத்துரை: பாளையங்கோட்டை சிறையிலிருந்து தப்பி, 6 நாளில் கோட்டை கட்டி, பக்கத்துச் சீமைகளை உலுக்கிய 9 மாதங்கள்

1801 பிப்ரவரி 2. பாளையங்கோட்டையில் கம்பெனி படையின் தலைமை அதிகாரி மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தது. ஊரில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள் என்று சுமார் 20 பேர் சாப்பாட்டு மேசையில். அதே நேரத்தில் கோட்டைக்குள் அடைக்கப்பட்டிருந்த பாளையக்காரக் கைதிகள் காவலாளிகளை மடக்கி, துப்பாக்கிகளைப் பிடுங்கி, கோட்டை வாசலையும் தாண்டிப் போய்விட்டார்கள்.

அவர்களை நடத்திச் சென்றவருக்குப் பேச்சு சரியாக வராது. பெயர் ஊமைத்துரை. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி.

தோற்கடிக்கப்பட்டு, கோட்டை இடிக்கப்பட்டு, முடிந்தது என்று எல்லோரும் நினைத்த ஒரு ஆயுதக் கூட்டம் மறுபடியும் அதிகாரத்துக்கு வந்தால் என்ன ஆகும்? பக்கத்தில் இருக்கும் அரசுகள் யார் பக்கம் நிற்கும்? நடந்ததை யார் எழுதுவார்கள், யாரை எழுத விடுவார்கள்? 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தபோது உலகமே கேட்ட கேள்விகள் இவை. 220 வருஷத்துக்கு முன்னால் தாமிரபரணிக் கரையிலும் இதே கேள்விகள்தான் எழுந்தன. தாலிபானையும் ஊமைத்துரையையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் கொள்கை வேறு, இவர் சண்டை வேறு. நாம் பார்க்கப்போவது பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் என்ன நடந்தது என்பதை மட்டும்தான்.

யார் இந்த ஊமைத்துரை?

பாஞ்சாலங்குறிச்சி பாளையக்காரர் ஜெகவீர கட்டபொம்மன், ஆறுமுகத்தம்மாள் தம்பதியின் மகன். இயற்பெயர் குமாரசாமி. பேசுவதில் இருந்த குறையால் ஊமைத்துரை என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் கேலி இல்லை. கூடவே துரை என்ற மரியாதையும் இருக்கு பாருங்க. பாஞ்சாலங்குறிச்சி மக்கள் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள் என்று எதிரிப் படையில் இருந்த அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். அப்போது பாளையங்கோட்டையில் பணியில் இருந்த இளம் ராணுவ அதிகாரி. ஊமைத்துரை பற்றி இன்று நமக்குத் தெரிந்த பல விஷயங்கள் இவர் மூலமாக வந்தவைதான். உயரமான, ஒல்லியான உடம்பு. பார்த்தால் பலவீனமானவர் மாதிரி தெரியும். ஆனால் அவர் கை அசைத்தால் ஒரு படையே அசையும். வெல்ஷ் சொல்லும் ஒரு காட்சி: சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு நேரத்துக்கு ஒரு சைகை. அடுத்து வலது கையால் அந்தத் துரும்புகளை ஒரே வீச்சில் தள்ளி, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்புவார். அவ்வளவுதான், தாக்குதல் உத்தரவு போயாச்சு. அந்த உத்தரவை நிறைவேற்ற முதல் ஆளாக நிற்பவரும் அவரேதான்.

தன்னைக் கொல்ல வந்தவரைப் பற்றி ஒருவர் இவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறார் என்பது ஆச்சரியம்தான். அந்த வெல்ஷ் விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

1799: முதல் தோல்வி

கதையைப் புரிந்துகொள்ள ஒன்றரை வருஷம் பின்னால் போகணும். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் தலைமையில் கம்பெனி படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி வடக்கே போனார். புதுக்கோட்டை எல்லைக்குள் இருந்த காட்டில் பிடிபட்டார். பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாத தொண்டைமானின் ஆட்கள். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மற்ற பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் இதை நடத்தினார் பானர்மேன். பார்த்துக்கோங்க, நாளைக்கு உங்களுக்கும் இதுதான் என்பது செய்தி.

பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர் பாளையங்களும் பறிக்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். ஊமைத்துரையும், செவத்தையா என்று ஆவணங்களில் வரும் இன்னொரு சகோதரரும், உறவினர்களும் பாளையங்கோட்டை கோட்டைக்குள் கைதிகளானார்கள். இன்று பாளையங்கோட்டையில் இருக்கிற மத்திய சிறை இல்லை அது. அந்தக் காலத்துக் கோட்டை. கோட்டையில் பெரும்பகுதி போய்விட்டது. மேலவாசல் என்று ஊர்க்காரர்கள் இன்னும் சொல்கிறார்களே, அது அந்தக் கோட்டை வாசலின் பெயர்தான்.

ஒன்றேகால் வருஷம் சிறை. நடுவில் கைதிகளிடையே அம்மை பரவியது. அதனால் கால் விலங்குகளைக் கொஞ்ச நாள் முன்பு கழற்றியிருந்தார்கள் என்கிறது வெல்ஷின் பதிவு. விறகுக் கட்டுக்குள் ஆயுதங்களை மறைத்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள், திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போகிற பக்தர்கள் மாதிரி ஆட்கள் வந்து இறங்கினார்கள் என்றெல்லாம் நம்ம ஊர்க் கதைகள் சொல்லும். எப்படியோ, பிப்ரவரி 2 அன்று எல்லாம் கூடி வந்தது.

கோட்டையை விட்டு வெளியே வந்தவர்கள் விருந்து நடந்த வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் பாளையங்கோட்டையின் மொத்த அதிகாரிகளும் அன்று முடிந்திருப்பார்கள். அவர்கள் குறி வேறு. இரவோடு இரவாக ஓடி, வழியில் இருந்த கம்பெனி காவல் இடங்களில் ஆயுதங்களைப் பறித்துக்கொண்டு, சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருந்த பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

6 நாளில் முளைத்த கோட்டை

கயத்தாறு பக்கம் இருந்த படைகளைத் திரட்டிக்கொண்டு மெக்காலே கிளம்பினார். பிப்ரவரி 9-ம் தேதி பாஞ்சாலங்குறிச்சியை நெருங்கியபோது அவர் படைக்கு அதிர்ச்சி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் இடித்துத் தள்ளிய கோட்டை அங்கே நின்றுகொண்டிருந்தது. சுவர் மேல் சுமார் 1,500 பேர்.

கல் கோட்டை இல்லை, மண் கோட்டை. ஆனால் அந்தக் கரிசல் சீமையின் மண் இறுகினால் பாறை. நீளப் பக்கம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி, உயரம் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு வாரத்துக்குள் இதைக் கட்ட எத்தனை கைகள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்க. சிறையிலிருந்து வந்தவர்கள் மட்டும் கட்டியிருக்க முடியாது. சுற்று வட்டாரமே மண்வெட்டியோடு வந்திருக்கிறது.

அந்தக் கோட்டைச் சுவரின் முன்னால் மெக்காலே நின்று யோசித்தார். கையில் இருந்த படை போதாது. திரும்பிப் பாளையங்கோட்டைக்கே நடந்தார். கம்பெனி ஆட்சியில் இருக்கிற மாவட்டத்தில், கம்பெனியின் தளபதி, சிறையிலிருந்து தப்பிய கைதிகளைப் பார்த்துப் பின்வாங்குகிறார். இந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவியிருக்கும்!

அடுத்த சில வாரங்களில் கிளர்ச்சிக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் கோயிலில் தங்கியிருந்த கம்பெனி சிப்பாய்கள் முற்றுகையில் மாட்டினார்கள். பறிகொடுத்த பாளையம் திரும்பக் கையில், கூடவே ஒரு துறைமுகம். இதைத்தான் அதிகாரத்துக்குத் திரும்புவது என்று சொல்கிறோம்.

ஆட்சி திரும்பியதும் பழிவாங்கல் தொடங்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. தூத்துக்குடியில் துறைமுகப் பொறுப்பில் இருந்த பாகட் என்ற வெள்ளைக்காரர் கைதியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டு போகப்பட்டார். அவர் மனைவி பின்னாலேயே போய்க் கணவரை விடும்படி கெஞ்சினார். விட்டுவிட்டார்கள். தூத்துக்குடியில் இருந்த கம்பெனி படை அதிகாரியையும் கொல்லாமல் அனுப்பி வைத்தார்கள். அண்ணனைத் தூக்கில் போட்டவர்களின் ஆட்கள் இவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைப் பதிவு செய்ததும் வெல்ஷ்தான். நம்ம ஆள் யாரும் பெருமைக்குச் சேர்த்துச் சொன்னது இல்லை.

எட்டயபுரம் ஏன் எதிர்ப்பக்கம் நின்றது?

பாஞ்சாலங்குறிச்சிக்கு மிக அருகில் இருந்த பெரிய பாளையம் எட்டயபுரம். 1799-ல் கம்பெனி பக்கம் நின்றது. 1801-லும் அப்படியே. எட்டப்பன் என்ற பெயர் தமிழில் துரோகத்துக்கே மறுபெயர் ஆனது இந்த இரண்டு போர்களால்தான். 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படம் அதை இன்னும் ஆழமாகப் பதிய வைத்தது. அந்தப் படத்தில் ஊமைத்துரையாக வந்தவர் ஓ.ஏ.கே. தேவர்.

ஆனால் எட்டயபுரம் இருந்த இடத்திலிருந்தும் ஒரு நிமிஷம் பார்க்கலாம். இரண்டு பாளையங்களுக்கும் நடுவில் கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே எல்லைத் தகராறு. பாஞ்சாலங்குறிச்சி ஓங்கினால் முதல் அடி தங்களுக்குத்தான் என்ற பயம் எட்டயபுரத்துக்கு இருந்தது. அதுக்காக அவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஆனால் பக்கத்து நாடு என்றால் இப்படித்தான் கணக்குப் போடும். எதிரியின் எதிரி எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் நண்பன் ஆகிவிடுவான்.

காபூல் விழுந்த பிறகும் பக்கத்து நாடுகள் தங்கள் எல்லையைத்தான் முதலில் பார்த்தன. தப்பி வந்த ஆப்கன் மக்கள் பாகிஸ்தானிலும் ஈரானிலும் தஞ்சம் அடைந்தார்கள். 2023 அக்டோபரில், ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று பாகிஸ்தான் அறிவித்தது. அடிபட்டது பெரும்பாலும் ஆப்கானியர்கள். அவர்களில் உயிருக்குப் பயந்து ஓடிவந்த பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். தஞ்சம் என்பது கொடுப்பவரின் வசதியைப் பொறுத்தது. பாஞ்சாலங்குறிச்சி சகோதரர்களுக்கு இது இரண்டு முறை நடந்தது. 1799-ல் அண்ணன் ஒதுங்கிய புதுக்கோட்டை அவரைப் பிடித்துக் கொடுத்தது. 1801-ல் தம்பி போன சிவகங்கை என்ன செய்தது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

அம்மை என்ற பொய், தப்பிய உயிர்

மார்ச் 31-ல் மெக்காலே மறுபடியும் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். பீரங்கி வைத்துச் சுவரில் வழி உண்டாக்கி ஆட்களை உள்ளே அனுப்பினார். நீண்ட ஈட்டிகளோடு காத்திருந்தவர்கள் ஒருவரையும் உள்ளே விடவில்லை. கம்பெனி படைக்குப் பெரிய உயிர்ச்சேதம். பிறகு லெப்டினன்ட் கர்னல் அக்னியூ பெரிய படையோடு வந்து சேர்ந்தார். மே 24-ல் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் மொத்தமாகத் திரண்டு வெளியேறினார்கள். துரத்தித் துரத்திச் சண்டை நடந்தது. ஊமைத்துரை பலத்த காயத்தோடு, செத்தவர்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தார்.

இதன் பிறகு நடந்ததாக வெல்ஷ் சொல்வதைப் படித்தால் சினிமா மாதிரி இருக்கும். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி தன் மகனைத் தேடிக்கொண்டு போர்க்களத்துக்கு வந்தாள். மகன் கிடைத்தான், குற்றுயிராக. அவனைத் தூக்கப் போனபோது, என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்று அம்மாவிடம் சொன்னானாம் அந்தப் பையன். அவளும் அவனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் ஒளித்து வைத்தாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும் சத்தம் கேட்டதும், துணியைப் போட்டு மூடி, பெண்கள் எல்லாம் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள். அம்மை போட்டுப் பிள்ளை செத்துப்போச்சு என்றார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதுமே வந்தவர்கள் கிட்டே வரவில்லை.

சிறையில் விலங்கு கழன்றதும் அம்மையால். போர்க்களத்தில் உயிர் பிழைத்ததும் அம்மையால். அந்தத் தாயின் பெயரை மட்டும் வெல்ஷ் எழுதவில்லை.

தஞ்சம் கொடுத்த சிவகங்கை கொடுத்த விலை

உயிர் பிழைத்த ஊமைத்துரை வடக்கே போய் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களிடம் சேர்ந்தார். சின்ன மருதுவின் ஊரான சிறுவயலில் அவருக்கு இடம் கிடைத்தது. பிடித்துக் கொடுங்கள் என்பதுதான் கம்பெனியின் எதிர்பார்ப்பு. கொடுத்திருந்தால் சிவகங்கைக்கும் புதுக்கோட்டை மாதிரி ஒரு பரிசு கிடைத்திருக்கலாம். மருதுகள் கொடுக்கவில்லை.

கம்பெனியோடு மருதுகளுக்கு ஏற்கெனவே உரசல் இருந்தது. அதனால் போருக்கு ஊமைத்துரை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்குக் கதவைத் திறந்த பிறகு திரும்பிப் போக வழி இல்லை. பாஞ்சாலங்குறிச்சியின் சண்டை சிவகங்கையின் சண்டையாக மாறிவிட்டது. பக்கத்து ராமநாதபுரம் சீமையிலும் தீ பரவியது.

கம்பெனி இங்கே இரண்டு வழியில் வேலை செய்தது. ஒன்று ஆயுதம். இன்னொன்று அரசியல். மருதுகளுக்குப் பதிலாக படமாத்தூர் கௌரி வல்லப பெரிய உடையணத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவர் என்று அறிவித்து, அவருக்குப் பட்டம் கட்டியது. மருதுகளோடு நின்றவர்களில் ஒரு பகுதி இதனால் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆயுத வழி அவ்வளவு எளிதாக இல்லை. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் போராடி, முடியாமல் விட்டார்கள். பிறகு வேறு வழியாக வந்து 1801 அக்டோபர் 1-ல் காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

பெரிய மருதுவும் சின்ன மருதுவும் அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். திண்டுக்கல் பக்கம் போய்ச் சண்டையைத் தொடர்ந்த ஊமைத்துரையும் செவத்தையாவும் பிடிபட்டார்கள். இருவரையும் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டுவந்து நவம்பர் 16-ல் கொன்றார்கள். சிறையை உடைத்த நாளிலிருந்து எண்ணினால் ஒன்பதரை மாதம்.

அதோடு முடியவில்லை. 1802 பிப்ரவரியில் 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அதில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. வயது 15.

பக்கத்துச் சீமைகளின் வரவு செலவைப் பார்த்தால், பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் எட்டயபுரத்துக்கும் மணியாச்சிக்கும் பங்கு போனது. புதுக்கோட்டைக்கு 1803-ல் கீழாநிலைப் பகுதி கிடைத்தது. 1948 வரை தனி சமஸ்தானமாக அது நீடித்தது. ஆனால் கம்பெனிக்கு உதவிய பாளையக்காரர்கள் தப்பித்தார்களா? இல்லை. 1801 டிசம்பர் 1-ல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளவே கூடாது என்றது. நண்பன், எதிரி என்று பிரிக்கவில்லை. 1803-ல் பாளையங்கள் ஜமீன்களாகிவிட்டன. வரி வசூலித்துக் கட்டும் வேலை மட்டும் மிச்சம். அந்த வருஷத்துக்கு முன்பே, 1801 ஜூலை 31-ல், ஆற்காடு நவாப்பும் ஆட்சியைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்திருந்தார்.

செய்தியாளர்கள் எங்கே இருந்தார்கள்?

இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது. அன்றைய பத்திரிகைகளில் என்ன வந்தது என்று தேடத் தோன்றும் இல்லையா? தமிழில் அப்போது பத்திரிகையே கிடையாது. அது வர இன்னும் 30 வருஷம் ஆகணும். சென்னையில் 1785 முதல் மெட்ராஸ் கூரியர் என்ற ஆங்கில வாரப் பத்திரிகை வந்தது. ஆனால் அதை நடத்தியவரே அரசு அச்சகத்தின் அச்சடிப்பவர். கம்பெனிக்குப் பிடிக்காததை அதில் எதிர்பார்க்க முடியுமா?

முக்கியமான விஷயம் இதுதான். 1799-ல், திப்பு சுல்தானோடு போர் நடந்தபோது, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பத்திரிகை விதிகளைக் கொண்டுவந்தார். அச்சிடுபவர் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டும். ஆசிரியர், உரிமையாளர் விவரத்தை அரசிடம் கொடுக்க வேண்டும். அரசுச் செயலாளர் பார்த்துச் சரி சொல்லாத எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். கட்டபொம்மன் தூக்கு நடந்ததும் அதே 1799. அதாவது தெற்கே போர் நடந்த அந்தக் காலம் முழுக்க, இந்தியாவில் பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. முன் தணிக்கை 1818-ல்தான் விலகியது.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து மெக்காலே பின்வாங்கியது, மார்ச் 31 தோல்வி, இதெல்லாம் அப்போதே நாலு ஊருக்குத் தெரிய அச்சு வழியாக வாய்ப்பு குறைவு. ஆனால் வாய் வழியாகத் தெரிந்தது. கிளர்ச்சிக்காரர்களும் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள். அவர்களிடம் அச்சகம் இல்லை, சுவர் இருந்தது. 1801 ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சி கோட்டையில் நவாப் மாளிகை வாசலிலும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதிக்காரர்களையும், கம்பெனியில் வேலை பார்த்த சிப்பாய்களையும் சேர்த்து அழைத்த அறிக்கை அது. இதைக் கிழிப்பவருக்குச் சாபமும் எழுதியிருந்தார்கள். அந்தக் காலத்துத் தணிக்கைக்கு எதிரான ஒரே ஆயுதம் அந்தச் சாபம்தான்!

வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளை லண்டனில் வெளியிட்டது 1830-ல். ஊமைத்துரை இறந்து 29 வருஷம் கழித்து. அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் வைக்கோல் துரும்பும் இல்லை, அம்மை போட்ட பிள்ளை என்ற பொய்யும் இல்லை. 1881-ல் திருநெல்வேலி வரலாறு எழுதிய பிஷப் கால்டுவெல்லும் வெல்ஷை நிறையப் பயன்படுத்தினார். இதில் ஒரு சிக்கல் இருக்கு. இருவருமே வெளியே இருந்து பார்த்தவர்கள். ஊமைத்துரை பக்கத்தில் நின்ற யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் பாடினார்கள். கட்டபொம்மன் கதைப்பாடல்கள் தெற்குச் சீமையில் தலைமுறை தலைமுறையாக ஓடின. அவற்றைத் தேடி, தொகுத்து, பதிப்பித்தவர் நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதைச் செய்தார் என்பது இந்த ஊருக்குப் பெருமை. பாடல்களில் தேதி இருக்காது, ஆட்கள் எண்ணிக்கை கூடக்குறைய இருக்கும். ஆனால் எதிரியின் புத்தகத்தில் இல்லாத ஒன்று அவற்றில் இருக்கு: அந்த ஊர்க்காரர்கள் எப்படி நினைத்தார்கள் என்பது.

ஆப்கானிஸ்தானில் நிலைமை வேறு. அங்கே எழுத ஆட்கள் இருந்தார்கள், டிவி இருந்தது, மொபைல் இருந்தது. 2022 மே மாதம் பெண் செய்தி வாசிப்பாளர்கள் முகத்தை மூட வேண்டும் என்று தாலிபான் உத்தரவு போட்டதை உலகமே நேரலையில் பார்த்தது. 1801-ல் கட்டுப்பாடு போட்டது அதிகாரத்துக்குத் திரும்பிய கூட்டம் இல்லை, அவர்களை ஒடுக்கிய அரசு. இந்த வித்தியாசம் முக்கியம். பத்திரிகையின் வாயை யார் கட்டுவார்கள் என்பதை, யார் கையில் துப்பாக்கி அதிகம் என்பதுதான் முடிவு செய்கிறது.

மெக்காலே வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாகணும். பாஞ்சாலங்குறிச்சியில் தோற்றுத் திரும்பிய கோலின் மெக்காலே, திருவிதாங்கூரில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்தவர். அவர் அண்ணன் தம்பி வழியில் வந்த மகன்தான் நம்ம பாடப் புத்தகத்தில் வரும் தாமஸ் மெக்காலே, ஆங்கிலக் கல்வி மெக்காலே. இந்தியப் பத்திரிகைகள் மேல் இருந்த கட்டுப்பாடுகளை நீக்கிய 1835-ம் வருஷச் சட்டத்தை எழுதியவரும் அவரேதான்.

எட்டயபுரத்துக்கும் ஒரு திருப்பம் உண்டு. கம்பெனி பக்கம் நின்ற அதே ஊரில் 1882-ல் பாரதி பிறந்தார். பத்திரிகை நடத்தினார். பிரிட்டிஷ் அரசு பிடிக்க வந்தபோது 1908-ல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அங்கிருந்து இந்தியா பத்திரிகையை நடத்தினார். பக்கத்து ஆட்சியில் தஞ்சம் கிடைத்ததால் அந்தப் பத்திரிகை கொஞ்ச காலம் மூச்சு விட்டது. 1911-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு புதுச்சேரியில் இருந்தவர்கள் மேல் கண்காணிப்பு இறுகியது. 1918-ல் பாரதி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்ததும் கடலூரில் கைதானார்.

பாஞ்சாலங்குறிச்சியில் இன்று என்ன இருக்கு?

1801-ல் கோட்டையை இரண்டாவது முறையாக இடித்தபோது, இந்த முறை மிச்சமே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள், ஊர்ப் பெயரையே அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஊர்க்காரர்கள் யாரும் அந்தப் பெயரை மறக்கவில்லை. 1974-ல் தமிழக அரசு அங்கே நினைவுக் கோட்டை கட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் இருக்கு. போகிறவர்கள் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1799-லும் 1801-லும் அங்கே செத்துப்போன வெள்ளைக்கார ராணுவத்தினரின் கல்லறைகளும் அந்த ஊரில் இருக்கின்றன. மார்ச் 31 தாக்குதலில் ஊமைத்துரையின் ஆட்கள் விரட்டியடித்த படையைச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு.